போர்டுக்குப் பிறகு

ராணுவ அதிகாரி ஒருவர் வேலையை விட்டுவிட்டு வந்தால், 'வெளியே சம்பளம் அதிகம்' என்று ஊர் உடனே காரணம் சொல்லிவிடும். விடாமல் இருக்கிறவருக்கும் ஒரு காரணம் தயாராக இருக்கிறது: தேசபக்தி. என் பெரியப்பா மகன் தரைப்படையில் லெப்டினன்ட் கர்னல். அவரையும் அவருடைய பேட்ச் நண்பர்களையும் பல வருடங்களாகப் பார்க்கிறேன். இரண்டில் எந்தக் காரணமும் அவர்களுக்குச் சரியாகப் பொருந்தவில்லை.

'இருப்பதா, போவதா' என்ற கேள்வியை எப்போது கேட்பது என்பதையே ராணுவம்தான் தீர்மானிக்கிறது. பரங்கிமலை ஆபீசர்ஸ் டிரெய்னிங் அகாடமியில் பயிற்சி முடித்துக் குறுகிய காலப் பணியில் சேர்பவருக்கு முதல் கட்டம் 10 ஆண்டு. விரும்பினால் இன்னும் 4 ஆண்டு நீட்டிக்கலாம். நிரந்தரப் பணி கிடைக்காமல் 14-இல் வெளியே வந்தால் ஓய்வூதியம் கிடையாது. 35 வயதில் வேலை தேடுவதற்கும் 39 வயதில் தேடுவதற்கும் உள்ள வித்தியாசம் யாருக்கும் தெரியும். பத்தாவது ஆண்டிலேயே கிளம்புகிறவரிடம் பக்தி குறைந்துவிட்டது என்று சொல்ல எனக்கு மனம் வராது.

2024-இல் 'அமரன்' படம் வந்த பிறகு அண்ணனிடம் எல்லாரும் சாவைப் பற்றியே கேட்கிறார்கள். அண்ணி எத்தனை தடவை டிரங்குப் பெட்டிகளைக் கட்டினார், எத்தனை வேலைகளை விட்டார், மகள் எத்தனை பள்ளிகள் மாறினாள் என்று ஒருவரும் கேட்டதில்லை. 'பேப்பர் போடுவது' பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்தப் பெட்டிகளுக்கு நடுவில்தான் தொடங்குகிறது.

நிரந்தரப் பணியில் இருப்பவருக்கு உண்மையான சோதனை அதற்கும் பிறகு வருகிறது. 13 ஆண்டு ஆனால் லெப்டினன்ட் கர்னல் பதவி தானாக வந்துவிடும். அதற்கு மேல் கர்னல் ஆவதற்குத் தேர்வு போர்டு உண்டு. ஒரு பட்டாலியனுக்கு ஒரு கமாண்டிங் ஆபீசர்தான். பேட்சில் எல்லாருக்கும் எங்கிருந்து பட்டாலியன் கிடைக்கும்? 1999 கார்கில் போருக்குப் பிறகு, படையை நடத்துகிறவர்கள் இன்னும் இளைஞர்களாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. அஜய் விக்ரம் சிங் குழுவின் பரிந்துரைகள் 2004-இல் நடைமுறைக்கு வரத் தொடங்கி, பதவி உயர்வுகள் முன்னதாகவே கிடைத்தன. போர்டும் முன்னதாகவே வந்தது. அதில் பெயர் வராதவர் நாற்பதை ஒட்டிய வயதிலேயே 'சூப்பர்சீட்' ஆகிறார். தான் சொல்லிக்கொடுத்து வளர்த்த ஜூனியர் கர்னலாக வந்து நின்றால், அவருக்கு சல்யூட் அடித்து 'சார்' என்று சொல்ல வேண்டும்.

அண்ணனுக்கு நடந்தது இதுதான். 18 ஆண்டு சர்வீஸ். ஓய்வூதியத்துக்கு 20 வேண்டும். 'இன்னும் ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருக்கான்' என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். இருக்கலாம். ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு நாளைக் கடத்துகிற மனிதர் எப்படி இருப்பார் என்று நான் அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன். பதவி உயர்வு இல்லை என்று தெரிந்த மறுநாளே கோப்புகள் மெதுவாக நகரத் தொடங்கும். அண்ணன் அப்படி இல்லை. அவர் ரேஷனும் எரிபொருளும் கொண்டுசேர்க்கும் ஏ.எஸ்.சி. பிரிவு. லடாக் பக்கம் போஸ்டிங். பனிக்காலத்துக்கான சரக்கையெல்லாம் கோடையிலேயே மேலே ஏற்றி இருப்பு வைக்கிற வேலை.

"இனிமே எதுக்குண்ணே இவ்வளவு மெனக்கெடறீங்க?" என்று ஒருமுறை போனில் கேட்டுவிட்டேன்.

"சோஜிலா மூடறதுக்குள்ள மண்ணெண்ணெய் மேல போயாகணும்டா. லிஸ்ட்ல என் பேர் இல்லைன்னு கணவாய்க்குத் தெரியுமா?"

இந்தப் பதிலை நான் முழுதாக நம்பிவிடவில்லை. மகள் பிளஸ் டூ படிக்கிறாள். ஓய்வுக்குப் பிறகான மருத்துவ வசதியும் கணக்கில் இருக்கும். போதாததற்கு, தாம்பரத்தில் இருக்கும் அண்ணி சிரித்துக்கொண்டே சொல்வார்: "வெளிய வந்தா காலையில அஞ்சு மணிக்கு யாரை எழுப்பி விரட்டுவார்? என்னைத்தானே?" ஆனாலும் அந்தக் கணவாய்ப் பதிலில் மற்ற கணக்குகளுக்குள் அடங்காத ஒன்று இருக்கிறது. இனி உயர்வு இல்லை என்று எழுதிக் கொடுத்த இடத்தில், வேலையை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பது எல்லாராலும் முடிகிற காரியமல்ல. முடியாமல் போனவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். அண்ணனின் நண்பர் ஒருவர் இருபது முடிந்த கையோடு வந்து ஒரு சரக்குக் கிடங்கை நிர்வகிக்கிறார். நன்றாகத் தூங்குகிறேன் என்கிறார்.

போவதா என்று யோசிக்கும் வசதியே இல்லாமல் இருந்தவர்களும் உண்டு. 1992 முதல் ராணுவம் மருத்துவம் சாராத பிரிவுகளிலும் பெண்களை அதிகாரிகளாக எடுத்தது. ஆனால் பெரும்பாலான பிரிவுகளில் அவர்களுக்குக் குறுகிய காலப் பணி மட்டும்தான். 14 ஆண்டுக்குப் பிறகும் இருக்க வேண்டும் என்று அவர்கள் வழக்காடினார்கள். 2010-இல் டெல்லி உயர் நீதிமன்றத்திலும், 2020 பிப்ரவரி 17-இல் உச்ச நீதிமன்றத்திலும் ஜெயித்தார்கள். இதே பெட்டி கட்டல், இதே பள்ளி மாற்றம், இதே போர்டு. எல்லாம் தெரிந்துதான் இருக்க விடுங்கள் என்று கேட்டார்கள்.

அண்ணனுக்கு இருபது முடிந்ததும் என்ன செய்வார் என்று வீட்டில் பந்தயமே நடக்கிறது. 26 ஆண்டு இருந்தால் கால அடிப்படையில் கர்னல் பதவியும் வந்துவிடும். கையில் ஒரு யூனிட் மட்டும் வராது. இருந்தாலும் 54 வயது வரை இருந்துவிடுவார் என்றுதான் நான் பந்தயம் கட்டியிருக்கிறேன். அண்ணி எதிர்ப்பக்கம்.