கூரையின் கணக்கும் தேவையின் எல்லையும்

ஒரு வீட்டுக்கோ தொழிற்கூடத்துக்கோ எத்தனை சூரிய மின்தகடுகள் வேண்டும் என்பது சில நிமிடங்களில் விடை காணக்கூடிய பொறியியல் கணக்காகவே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயினும் அக்கணக்கு தொடங்குவதற்கு முன்பே அவ்வீட்டின் தேவை இவ்வளவு என்ற முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. அதை எந்த அளவுகோலால் எடுப்பது என்பதோ அறவியலைச் சார்ந்த கேள்வியாகும்.

கணக்கின் வழிமுறை எளியது. தமிழ்நாட்டில் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை மின்பயன்பாடு கணக்கிடப்படுவதால், இரு மாதங்களில் 500 யூனிட் செலவிடும் ஒரு வீட்டின் நாளொன்றுக்கான பயன்பாடு ஏறத்தாழ 8.3 யூனிட் ஆகிறது. யூனிட் என்பது 1,000 வாட் திறனுள்ள கருவி ஒரு மணி நேரம் இயங்கச் செலவாகும் மின்சாரம். நிழல் விழாத மொட்டை மாடியில் ஒரு கிலோவாட் திறனுள்ள தகடுகள், மழைநாளையும் வெயில்நாளையும் சேர்த்துச் சராசரி பார்த்தால், நாள்தோறும் சுமார் 4 யூனிட் தரும் என்று கொள்வது வழக்கம். ஆகவே அவ்வீட்டுக்கு 2 கிலோவாட்டுக்குச் சற்று மேற்பட்ட திறன், அதாவது 540 வாட் தகடுகளில் நான்கு, போதுமானது என்ற விடை கிடைக்கிறது. பகலில் இயங்கும் ஆலைக்கும் மாலையில் விளக்கேற்றும் வீட்டுக்கும் பயன்பாட்டு நேரம் வேறுபடுமேனும், கணக்கின் அடிப்படை ஒன்றே.

இவ்விடையில் கூட்டல் பெருக்கல் பிழை ஏதும் இல்லை. ஆனால் சென்ற ஆண்டு செலவான மின்சாரமே தேவையான மின்சாரம் என்ற அனுமானம் அதனுள் சோதிக்கப்படாமல் நுழைந்திருக்கிறது. அவ்வீட்டில் 75 வாட் வாங்கும் பழைய மின்விசிறிகள் நான்கு, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் சுழல்கின்றன எனக் கொள்வோமாயின், அவற்றுக்குப் பதிலாக 30 வாட்டில் அதே காற்றைத் தரும் புதிய வகை விசிறிகளைப் பொருத்தினால் நாளொன்றுக்கு 2.16 யூனிட் மிச்சமாகும். ஒரு 540 வாட் தகடு நாள் முழுவதும் வெயிலில் காய்ந்து தரும் மின்சாரமும் அதே 2.16 யூனிட்தான். வசதி சிறிதும் குறையாமலே நான்கு தகடுகள் மூன்றாகின்றன. நான்காவது தகடு வீட்டாரின் தேவைக்காக அன்றி, ஆராயப்படாத பழக்கத்துக்காகவே கேட்கப்பட்டது என்பது இதனால் தெளிவாகும்.

தேவையை ஆராய்ந்து எல்லை வகுக்கும் இச்செயலுக்கு இந்தியச் சமய மரபுகளுள் சமணம் மிக நுட்பமான வடிவம் தந்துள்ளது. துறவிக்கு முற்றான பற்றின்மையை விதிக்கும் அச்சமயம், இல்லறத்தாருக்கு விதிப்பது பரிக்கிரக பரிமாணம் எனப்படும் நோன்பாகும். நிலம், பொன், தானியம் முதலியவற்றில் தமக்கு இவ்வளவு போதும் என்று முன்கூட்டியே வரையறுத்துக்கொண்டு, அதற்கு மேற்பட்டவற்றில் விருப்பம் கொள்ளாதிருத்தலே அதன் பொருள். சமண ஆசாரியர் சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இந்நோன்பை ஆசைக்கு அளவு வகுத்தல் என்றும் குறிப்பிடுகிறார். எல்லையின் அளவை ஆசிரியரோ அரசரோ விதிப்பதில்லை, நோற்பவரே தம் நிலையறிந்து வகுத்துக்கொள்கிறார் என்பதும், பொருள் கைக்கு வந்தபின் அன்றி வருவதற்கு முன்பே வகுக்கிறார் என்பதும் இந்நோன்பின் தனிச்சிறப்புகள். தகடுகளை எண்ணும் வேளை அத்தகைய வரையறைக்கு உரிய வேளையாகும். ஏனெனில் ஒருமுறை பொருத்தப்பட்ட தகடுகள் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் கூரையில் நிலைத்திருக்கும்.

கதிரவனின் ஒளி அள்ள அள்ளக் குறையாதது, ஆகவே அதில் சிக்கனம் எதற்கு என்ற தடை இங்கு எழக்கூடும். ஒளி குறையாதது உண்மையே; ஆனால் அதைப் பிடிக்கும் தகடு மணலிலிருந்து பிரித்த சிலிக்கான், கண்ணாடி, அலுமினியம், வெள்ளி ஆகியவற்றால் ஆனது. அவற்றை அகழ்ந்தெடுக்கவும் உருக்கவும் நிலமும் எரிபொருளும் மனித உழைப்பும் செலவாகின்றன. பயன் முடிந்த தகடு கழிவாகவும் மிஞ்சுகிறது. மேலும், நிலக்கரியைத் திறம்படப் பயன்படுத்தும் இயந்திரங்கள் வந்தபோது அதன் மொத்தச் செலவு குறைவதற்கு மாறாகப் பெருகியது என்று பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவான்ஸ் 1865-இல் எடுத்துக்காட்டினார். மலிவாகக் கிடைப்பது கூடுதலாகச் செலவிடப்படும் என்ற அந்த இயல்பு கூரை மின்சாரத்துக்கும் பொருந்தக்கூடியதே. கட்டணம் குறைந்துவிட்டது என்பதற்காகவே இரண்டாவது குளிரூட்டி வாங்கும் வீட்டில் தகடுகள் ஆசையை நிறைவு செய்வதில்லை, வளர்க்கின்றன.

மற்றொரு தடை இதனினும் வலிமையானது. ஒரு விளக்கும் ஒரு விசிறியும் மட்டுமே உள்ள குடும்பத்திடம் எல்லை வகுக்கச் சொல்வது அறமாகுமா? ஆகாது. சமண நோன்பு உடையவர் தம் உடைமைக்கு இடும் வரம்பே தவிர, இல்லாதவர் மீது சுமத்தப்படும் தடை அன்று. படிக்கும் பிள்ளைக்கு ஒளியும், மருந்தைக் கெடாமல் வைக்கும் குளிர்பதனப் பெட்டியும் இல்லாத இல்லத்தில், பழைய மின்கட்டணம் உண்மைத் தேவையைவிடக் குறைவாகவே காட்டும். அங்கு நேர்மையான கணக்கு தகடுகளின் எண்ணிக்கையைக் கூட்டும். 2024-இல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டம், முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும் மூன்றாவதற்கு 18,000 ரூபாயும் மானியமாக அறிவித்து, 78,000 ரூபாயோடு நிறுத்திக்கொண்டது. அடிப்படைத் தேவைக்குப் பொதுப்பணம் துணைநிற்கலாம், அதற்கு மேற்பட்ட விருப்பத்துக்கு அவரவரே பொறுப்பு என்ற நீதி அவ்வரம்பில் அடங்கியிருக்கிறது.

ஆகவே தகடுகளின் எண்ணிக்கையைக் கேட்பதற்கு முன் குடும்பத்தாரோ தொழில் நடத்துவோரோ ஒருங்கே அமர்ந்து, தம் கருவிகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு, எது வாழ்வுக்கு வேண்டியது, எது பழக்கத்தால் ஓடுவது என்று பிரித்தறிதல் கடமையாகும். அவ்வாறு பிரித்தறிந்தபின் வரும் எண் மூன்றாயினும் பத்தாயினும் அதுவே முறையான எண். பிரித்தறியாமல் பெறப்படும் எண், எவ்வளவு துல்லியமாகக் கணக்கிடப்பட்டிருந்தாலும், ஆசையின் அளவேயன்றித் தேவையின் அளவன்று.