ஆத்ம சௌசமும் அதிகாரமும்

பெருமாளைச் சேவிக்க எழுந்தருளியிருக்கும் அன்பர்களில் பலர், உத்தியோகத்தில் பத்துப் பேருக்கோ நூறு பேருக்கோ மேலதிகாரிகளாக இருப்பவர்கள். பிறரிடம் வேலை வாங்குகிறவன் முதலில் அறிய வேண்டுவது பிறர் குணத்தையா, தன் ஸ்வரூபத்தையா? பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலேயே இதற்கு ஒரு விடை இருக்கிறது.

முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அங்கே குடவோலை முறையை விவரிக்கின்றன. தேர்தலுக்கு முன்னோடி என்று அவற்றை யாவரும் புகழ்வர். அடியேன் மனத்தைக் கவர்ந்தது வேறு. வயது, சொந்த மனை, வரி செலுத்தும் நிலம், கல்வி இவற்றோடு, வாரியத்துக்கு வருபவனிடம் அர்த்த சௌசமும் ஆத்ம சௌசமும் இருக்கவேண்டும் என்று விதித்தனர். அர்த்த சௌசமாவது பொருள் விஷயத்தில் தூய்மை. கணக்கைப் பார்த்தால் அது தெரிந்துவிடும். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனையும், அவனுடைய நெருங்கிய உறவினரையும் விலக்கியே வைத்தார்கள். ஆனால் உள்ளத்தின் தூய்மையை எந்தத் தராசில் நிறுப்பது? 'நான் யோக்கியன்' என்று சொல்லாதவன் யார்?

அதை அளப்பதோடு நில்லாமல், அகங்காரம் வளர இடமில்லாதபடி முறையையே அமைத்தார்கள். தகுதியுள்ளோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்தில் இட்டனர். நம்பிமாரில் மூத்தவர் அக்குடத்தை எல்லோரும் காண உயர்த்துவார். உள்ளே இருப்பதை அறியாத சிறுவன் எடுத்துக் கொடுப்பான். ஓலையை வாங்கும் மத்யஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்கவேண்டுமாம்! (நம்பிமாருக்கு அச்சபையில் இருந்த மதிப்பைப் படிக்கையில், அர்ச்சகனான அடியேனுக்குச் சற்றுப் பெருமிதம் உண்டாகிறது.)

இப்படிப் பதவிக்கு வந்தவன் 'என் சாமர்த்தியத்தால் வந்தேன்' என்று மார்தட்ட முடியாது. தன்னை ஒத்த தகுதியுடைய பலர் பெயரும் அதே குடத்தில் கிடந்ததை அவன் அறிவான். 360 நாட்கள் கழிந்தால் இறங்கவேண்டும். மூன்றாண்டுகளுக்கு மறுபடி வர இயலாது. இன்று இவன் வைகிறவன் நாளை இவன் கணக்கைக் கேட்கக்கூடும். நாக்கு தானே இனிமையாகிவிடாதா?

அச்சபையை அளவுக்கு மீறிப் புகழவும் வேண்டாம். நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தண ஆடவர்க்கே அதில் இடம். உழுது விளைத்தவர் பெயர் ஓலையில் ஏறவில்லை. ஆயினும், தாம் வகுத்த விதி போதாதென்று கண்டு இரண்டே ஆண்டுகளில் தாமே திருத்திக்கொண்டார்களே, அந்த மனம் பெரிது.

இக்காலத்து அலுவலகங்களில் குடமும் இல்லை, சிறுவனும் இல்லை. நியமன உத்தரவு ஒருவன் பெயருக்கே வருகிறது. எதிரே கைகட்டி நிற்பவர் தலையசைப்பதைத் தன் அறிவுக்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறான். அவர் பயந்து தலையசைக்கிறாரா, ஒப்பித் தலையசைக்கிறாரா என்று விசாரிப்பதில்லை. கீழே இருப்பவன் படும் சிரமத்தை, அந்த வேலையைத் தானும் ஒரு நாழிகை செய்து பார்த்தாலன்றி அறிய முடியுமா?

உத்திரமேரூரிலிருந்து கடற்கரைப் பக்கம் வந்தால் திருக்கடல்மல்லை. எம்பெருமானுக்குத் தாமரை மலர்களைச் சாத்த விரும்பிய புண்டரீக மகரிஷி, திருப்பாற்கடலுக்கு வழி வேண்டி, இக்கடல்நீரைக் கையாலேயே இறைத்தார் என்பது ஸ்தலபுராணம். வயோதிகராக வந்த பெருமாள், தமக்குப் பசியென்று சொல்லி முனிவரை அன்னம் கொண்டுவர அனுப்பிவிட்டு, அதுவரை தாமே நீர் இறைப்பதாக ஏற்றுக்கொண்டார். முனிவர் திரும்பி வந்து பார்க்கையில், அம்மலர்களை அணிந்து தரையிலேயே சயனித்திருந்தார். இன்றும் அச்சந்நிதியில் பெருமாளுக்கு ஆதிசேஷப் படுக்கை கிடையாது.