நோயாளிக்குப் பட்ட கடன்

எட்டாம் ஹென்றி மன்னர் 1518-ஆம் ஆண்டில், தம் வைத்தியராகிய தாமஸ் லினாகர் முதலியோரின் விண்ணப்பத்துக்கு இணங்கி, லண்டனில் வைத்தியர்களுக்கென ஒரு கல்லூரியை நிறுவிய காலத்தில், அந்நகரிலும் அதைச் சுற்றி ஏழு மைல் எல்லைக்குள்ளும் வைத்தியம் செய்யத் தக்கவர் யார் என்று தீர்மானிக்கும் அதிகாரமே அதற்கு வழங்கப்பட்டது. ஏழு மைலுக்குள் அடங்கிய அந்த அதிகாரம் இன்று கடல்களைக் கடந்துவிட்டது. லண்டன், எடின்பரோ, கிளாஸ்கோ ஆகிய மூன்று நகரங்களின் கல்லூரிகளும் சேர்ந்து வைத்தியர்களுக்கு நடத்தும் முதுநிலைப் பரீட்சையாகிய எம்.ஆர்.சி.பி. சென்னையிலும் கல்கத்தாவிலும் சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் யாங்கோனிலும் நடைபெற்று வந்திருக்கிறது.

ஒரு தேசத்தின் கல்லூரி வேறு தேசத்து வைத்தியரை அளந்து பார்ப்பது நியாயமா என்று கேட்போர் உண்டு. மானிட தேகம் எங்கும் ஒன்றே. குறுகிய இதய வால்வின் வழியே ரத்தம் பாயும்போது எழும் ஓசைக்குத் தேசமும் இல்லை, மதமும் இல்லை. வாதக் காய்ச்சலால் சிதைந்த வால்வு பிரிட்டனில் அரிதாகிவிட்டது, நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் இன்னும் காணக் கிடைக்கிறது என்ற வேற்றுமை இருக்கலாம். ஆயினும், அந்த ஓசையைக் கேட்டு அறியும் வித்தை எல்லோருக்கும் பொதுவானது. விமானக் கட்டணத்துக்குக் கடன் வாங்கி அயல்நாடு செல்லாமலே ஓர் இளம் வைத்தியர் தம் வித்தையை நிரூபிக்க முடியுமானால் அதை நான் வரவேற்கவே செய்வேன். என் சிந்தையை வருத்துவது வேறொரு கேள்வி: அந்தப் பரீட்சை யாருடைய சரீரத்தின் மீது நடக்கிறது?

முதற் பகுதியின் இருநூறு வினாக்களுக்குக் காகிதமோ கணினித் திரையோ போதும். 'பேசஸ்' எனப்படும் இறுதிப் பகுதிக்கு உயிருள்ள மனிதர் வேண்டும். வீங்கிய மண்ணீரலும் சிதைந்த வால்வும் தளர்ந்த நரம்பும் உடையவர்கள் கட்டிலில் காத்திருக்க, பரீட்சார்த்தி ஐந்து நிலையங்களையும் வரிசையாகச் சுற்றி வருகிறார். நிலையத்துக்கு இரு பரீட்சகர்கள் இருந்து, ஒருவரையொருவர் கலந்துகொள்ளாமல் மதிப்பிடுகிறார்கள். மதிப்பிடப்படும் திறன்கள் ஏழு. அவற்றுள் நோயாளியின் கவலையைக் கேட்டறிதல் ஒன்று, அவருக்கு நோவும் அவமதிப்பும் நேராமல் காத்தல் மற்றொன்று. ஒவ்வொரு திறனிலும் குறைந்தபட்ச மதிப்பெண் பெற்றே ஆக வேண்டும். நோயை அற்புதமாகக் கண்டுபிடித்த மேதையாயினும், நோயாளியைப் பேணும் திறனில் தவறினால் தேர்ச்சி இல்லை. அறிவின் மிகுதி அன்பின் குறையை ஈடு செய்யாது என்னும் தர்மத்தை ஒரு நவீன ஸ்தாபனம் தன் சட்டத்திலேயே எழுதி வைத்திருப்பதை நான் மிகுந்த மதிப்போடு நோக்குகிறேன். வைத்தியத்தின் நான்கு அங்கங்களைச் சொல்லும் ஆயுர்வேத ஆசிரியர் சரகர் வைத்தியனை முதலில் வைத்து நோயாளியை இறுதியில் வைக்கிறார். வள்ளுவரோ மருந்து அதிகாரத்தின் முடிவில் நோயுற்றவனையே முதலில் வைக்கிறார். பரீட்சையின் இந்த விதி வள்ளுவர் பக்கம் நிற்கிறது.

மதிப்பெண்ணுக்காகக் காட்டும் பரிவு பரிவாகுமா எனில், ஆகும் என்றே நான் நம்புகிறேன். அர்த்தம் அறியாமல் தொடங்கிய அனுஷ்டானம் நாளடைவில் சித்தத்தைப் பக்குவப்படுத்துவதை நம் பெரியோர் கண்டிருக்கிறார்கள். "இங்கே அழுத்தினால் வலிக்கிறதா?" என்று முகத்தைப் பார்த்துக் கேட்கப் பழகியவரின் கை, கேட்காமல் அழுத்தப் பிறகு எளிதில் துணியாது.

ஆனால் கட்டிலில் கிடப்பவருக்கு அன்று சிகிச்சை எதுவும் நடப்பதில்லை. ஒருவர் பின் ஒருவராக வரும் அந்நியர்களுக்கு அவர் தம் வயிற்றையும் மார்பையும் திறந்து காட்டுவது ஒரு தானம். தானம் பெற்றவனுக்கு ரிணம், அதாவது கடன், உண்டு. தேவரிணம், ரிஷிரிணம், பித்ருரிணம் என்னும் மூன்றோடு மனிதருக்குப் பட்ட கடனையும் சதபத பிராமணம் சேர்த்து எண்ணுகிறது. எம்.ஆர்.சி.பி. பட்டமோ பிரிட்டனில் வைத்தியராகப் பதிவு பெறுவதற்கு ஏற்கத்தக்க தகுதிகளுள் ஒன்று. யாங்கோன் நகரத்து ஏழை ஒருவரின் மண்ணீரலைத் தொட்டுத் தேறியவர் அந்தத் தேர்ச்சியின் பலத்தாலேயே அவ்வூரை விட்டு நீங்கக்கூடும். இலங்கையில் பட்டமேற்படிப்புப் பயிற்சிக்காக வெளிநாடு செல்லும் வைத்தியர் திரும்பி வந்து பணியாற்றுவதாக ஒப்பந்தம் எழுதித் தருகிறார். அது அரசாங்கத்தோடு செய்யும் உடன்படிக்கை. நோயாளியோ எதையும் எழுதி வாங்குவதில்லை.

சென்றவரைக் கடனாளி என்று தூற்ற எனக்கு மனம் வரவில்லை. பித்ருக்களின் கடன் பிள்ளைகளைப் பெறுவதாலும், ரிஷிகளின் கடன் வேதம் ஓதுவதாலும் தீர்வதுபோல், ஒரு நோயாளிக்குப் பட்ட கடன் வேறொரு நோயாளியின் சேவையில் தீரலாம். லீட்ஸ் நகரில் மூச்சுத் திணறுபவரும் மனிதரே. தனி மனிதருக்குள்ள இந்த நிவாரணம் பரீட்சையை விரிக்கும் கல்லூரிகளுக்குக் கிடையாது. அவை ஓர் ஊரின் நோயாளிகளிடமிருந்து ஆண்டுதோறும் பெற்றுக்கொள்கின்றன. ஆகவே அவ்வூருக்கே ஆண்டுதோறும் தர வேண்டியவை ஆகின்றன. சிங்கப்பூரில் இப்பரீட்சை அந்நாட்டின் சொந்த முதுநிலைப் பட்டத்தோடு இணைக்கப்பட்டிருப்பதால், தேறியவருக்கு வீட்டிலேயே ஒரு ஸ்தானம் கிடைக்கிறது. அத்தகைய ஏற்பாடு செய்ய வசதியற்ற ஏழைத் தேசங்களில், கட்டணமாகத் திரளும் பணத்தில் ஒரு பங்கேனும் அங்கேயே தங்கிக் கற்பிக்கும் ஆசிரியர்களை உருவாக்கச் செலவிடப்படாத வரையில், புதிய ஊர் ஒன்றில் பரீட்சை நிலையம் திறக்கப்பட்டது என்ற செய்தியைப் பூரண மகிழ்ச்சியோடு வரவேற்க என்னால் இயலாது.