மார்க்குக்காக வேண்டிக்கொள்ளலாமா?

பொதுத்தேர்வு நெருங்கிவிட்டால் போதும்... கூத்தனூர் சரஸ்வதி கோயிலிலும், திருவஹீந்திரபுரம் ஹயக்ரீவர் சந்நிதியிலும் கூட்டம் அலைமோதும்! பேனா, நோட்டுப் புத்தகம், ஹால் டிக்கெட் என்று எல்லாவற்றையும் சுவாமியின் திருவடியில் வைத்து வாங்கிச் செல்வார்கள். நீங்களும் அந்த வரிசையில் நின்றிருப்பீர்கள். ஹயக்ரீவருக்கு ஏலக்காய் மாலை சாத்தியிருப்பீர்கள்.

'என் பிள்ளை நல்ல மார்க் வாங்கணும்' என்று தெய்வத்திடம் கேட்பது சரியா?

கேட்பதில் தவறே இல்லை. தாய் மனசு வேறு எதைக் கேட்கும்? ஆனால், அந்த வேண்டுதலை வீட்டுக்குள் எப்படிக் கொண்டுவருகிறோம் என்பதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

'உனக்காகப் பதினோரு வாரம் விளக்கு போட்டேனே... இப்படி வந்து நிக்கிறியே!' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அந்தப் பிரார்த்தனை பிள்ளையின் தலையில் கடனாக ஏறிவிடுகிறது. அம்மாவை மட்டுமல்ல, சாமியையும் ஏமாற்றிவிட்டோம் என்று அது குமைந்து போகும். சில பிள்ளைகளோ, 'அம்மா வேண்டிக்கிட்டாங்க, சாமி பார்த்துக்கும்' என்று புத்தகத்தை மூடிவிடும். பயமும் சோம்பலும் பக்தியின் பலன்கள் ஆகலாமா?

காயத்ரி மந்திரத்தின் பொருளை நினைத்துப் பாருங்கள். அது பொன்னைக் கேட்கவில்லை, பொருளைக் கேட்கவில்லை. 'எங்கள் புத்தியைத் தூண்டுவாயாக' என்றுதான் கேட்கிறது. தூண்டப்பட்ட புத்தியை வைத்துக்கொண்டு உழைப்பது நம் பொறுப்பு. ஸ்வாமி தேசிகனுக்கு ஹயக்ரீவர் அருள்புரிந்ததும், அவர் ஔஷதகிரியில் அமர்ந்து இடைவிடாமல் மந்திர ஜபம் செய்த பிறகுதானே!

வேத பாடசாலைகளைப் பாருங்கள். குரு ஒரு முறை சொல்வார். சீடர்கள் இரண்டு முறை திருப்பிச் சொல்வார்கள். இதற்குச் 'சந்தை' என்று பெயர். பிறகு பதம், கிரமம், ஜடை, கனம் என்று அதே சொற்களை முன்னும் பின்னுமாகக் கோத்துச் சொல்வார்கள். ஏட்டைப் பார்க்காமல், மனசிலிருந்தே எடுத்துச் சொல்லும் பயிற்சி இது.

இன்றைய ஆய்வும் இதை ஒட்டியே பேசுகிறது. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, பாடத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களுக்கே அதிகம் ஞாபகம் இருந்தது!

உங்கள் வீட்டில் இதைச் செய்வது கஷ்டமே இல்லை. தினமும் மாலையில் குறித்த நேரத்துக்கு விளக்கேற்றுகிறீர்கள் அல்லவா? அதையே படிப்பு நேரத்துக்கு மணியாக வைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரே இடம், ஒரே நேரம். செல்போன் வேறு அறையில் இருக்கட்டும். அரை மணி நேரம் படித்ததும், 'புத்தகத்தை மூடிட்டு எனக்குச் சொல்லு கண்ணா' என்று கேளுங்கள். உங்களுக்கு அந்தப் பாடம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. காது கொடுத்தால் போதும். தடுமாறினால் திட்டாதீர்கள். எங்கே தடுமாறியதோ, அங்கேதான் மறுபடி படிக்க வேண்டும் என்று பிள்ளைக்கே புரிந்துவிடும். அதே பாடத்தை இரண்டு நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து மீண்டும் கேளுங்கள். பரீட்சைக்கு முதல் நாள் விடிய விடியக் கண்விழிக்க விடாதீர்கள். படித்தது மனசில் தங்கத் தூக்கமும் வேண்டும்.

சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களைப் பூஜையில் அடுக்கிவிடுகிறோம். அன்று யாரும் படிப்பதில்லை. மறுநாள் விஜயதசமி காலையில் புனர்பூஜை செய்து, புத்தகத்தை எடுத்துச் சில வரிகளாவது படித்த பிறகே அந்தப் பூஜை நிறைவடைகிறது. திருவடியில் வைப்பதோடு முடியவில்லை; எடுத்துப் படிக்கவும் வேண்டும் என்று வைத்தார்களே நம் பெரியவர்கள்!

அதனால், அடுத்த முறை சந்நிதியில் நிற்கும்போது வேண்டுதலை இப்படி மாற்றிப் பாருங்கள்... 'தாயே! என் பிள்ளைக்குத் தினமும் உட்கார்ந்து படிக்கும் மனசைக் கொடு. மார்க் எவ்வளவு வந்தாலும் அவனை அணைத்துக்கொள்ளும் மனசை எனக்குக் கொடு!'