அனல் விருந்தும் நம் கொல்லாமையும்

சென்ற புரட்டாசிக்குச் சில வாரங்கள் முன்பு, நம்மிடம் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற மாணவர் ஒருவர் டர்பன் நகரிலிருந்து தொலைபேசியில் பேசினார். அங்கேயே பணியாற்றி, அந்நாட்டுத் தமிழ்க் குடும்பமொன்றில் பெண்ணெடுத்து வாழ்பவர். குடும்பத்தோடு புதுவைக்கு வருவதாகவும், வீராம்பட்டினத்தில் கடற்கரையை ஒட்டிய உறவினர் வீட்டு முற்றத்தில் தம் நாட்டு முறைப்படி ஓர் அனல் விருந்து வைக்கப் போவதாகவும் சொன்னார். வருவோருள் மீன் உண்போர் உண்டு, மரக்கறி உண்போர் உண்டு, பாலும் தயிரும்கூடத் தொடாத 'வீகன்' கொள்கையுடைய இளைஞர் மூவர் உண்டு, நம் சமணக் குடும்பங்கள் இரண்டும் உண்டு. "டீச்சர், பட்டியல் நீங்கள்தான் போட்டுத் தரவேண்டும்" என்றார்.

ஆசிரியப் பயிற்சி பெற்ற நாள் முதல் பாடக் குறிப்பு எழுதாமல் வகுப்பறைக்குள் நுழைந்து அறியோம். ஆகவே குறிப்பேட்டை எடுத்து அமர்ந்தோம். முதல் வரியிலேயே எழுதுகோல் நின்றுவிட்டது.

அந்நாட்டில் இவ்விருந்துக்குப் 'பிராய்' என்று பெயர். ஆப்பிரிக்கான மொழியில் அதன் முழுச் சொல்லுக்குச் சுட்ட இறைச்சி என்பதே பொருள். 1995 முதல் தென்னாப்பிரிக்காவில் செப்டம்பர் 24ஆம் நாள் மரபுரிமை நாளாகப் பொது விடுமுறையாயிற்று. எல்லா இனத்தவரும் ஒன்றாக அனலைச் சுற்றி அமர்வதே அந்நாளின் அடையாளம் ஆகட்டும் என்று பின்னர் ஓர் இயக்கம் எழுந்தது. பேராயர் டெஸ்மண்ட் டூட்டு 2007இல் அதற்குப் புரவலரானார். நிறவெறியால் ஒரே மேசையில் அமர மறுக்கப்பட்டிருந்த மக்கள் ஒரே நெருப்பருகே கூடுவதை எவர் குறை கூறுவார்? ஆயினும் அந்நெருப்பின்மேல் கிடப்பது எது என்று கேளாமல் இருக்கவும் நம்மால் இயலவில்லை.

நம் மாணவரின் முதல் ஏற்பாடு எளிது. அடுப்பு இரண்டு, இரும்பு வலை இரண்டு; ஒன்றில் மீன், மற்றொன்றில் காய்கறி. பலரும் இதுவே போதுமென்பர். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். பிறகு நம்மையே கேட்டுக்கொண்டோம்: வேறு வலை வேண்டுமென்று நாம் வற்புறுத்துவது எதற்காக? மீன் கிடந்த வலையில் கத்தரிக்காயைச் சுட்டால் மேலும் ஓர் உயிர் போவதில்லை. போன உயிர் போனதுதான். அப்படியாயின் நம் வற்புறுத்தல் அருளினால் பிறந்ததா, அருவருப்பினால் பிறந்ததா? அருவருப்பு மட்டுமே எனின், அதற்குக் கொல்லாமை என்று பெயர் சூட்டுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும். வீராம்பட்டினம் மீனவர் ஊர். ஆடித் திங்களில் செங்கழுநீர் அம்மன் தேரைப் பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்துத் தொடங்கிவைத்த வழக்கம் இன்றும் துணைநிலை ஆளுநரால் தொடர்கிற ஊர். அவ்வூர் மண்ணில் நின்று, அவ்வூராரின் தொழிலை முகம் சுளித்து நோக்குவது நமக்கு அழகன்று.

ஆனால் நம் அறநூல்கள் வலையைப் பற்றி மட்டும் பேசவில்லை. தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வார்க்கு உடன்படல் என வினை மூவகையால் வந்து சேரும் என்பது சாவகர் அனைவரும் சிறு வயதிலேயே கேட்ட பாடம். பிறர் வீட்டு விருந்துக்குப் போய் நம் இலையில் நமக்கானதை உண்டு வருவது வேறு. பட்டியலை நம் கையால் எழுதி, "மீன் 10 கிலோ" என்று அதில் ஒரு வரி சேர்ப்பது வேறு. பின்னது செய்வித்தலே அன்றோ? இதை மாணவரிடம் ஒளிக்காமல் சொன்னோம். இரண்டாம் அடுப்பை மூட்டுவது அவர் உரிமை. அதற்கு நாம் பட்டியல் எழுதோம்.

அப்போது நம் நினைவுக்கு வந்தது, அந்த நாட்டிலேயே நூறாண்டுக்கு முன் எழுந்த இதே கேள்வி. 1910இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில், கட்டடக் கலைஞர் ஹெர்மன் காலன்பாக் தந்த 1,100 ஏக்கர் நிலத்தில், காந்தியடிகள் டால்ஸ்டாய் பண்ணையை அமைத்தார். சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே வந்து தங்கின. அவர்களுள் தமிழர் பலர். இந்து, முஸ்லிம், கிறித்தவர், பார்சி என எல்லாரும் இருந்தனர். பிறந்தது முதல் இறைச்சி உண்டு பழகியவர்களிடம் மரக்கறிதான் என்று ஆணையிட அவருக்கு மனம் வரவில்லை. அவர்கள் வேண்டுமென்றால் இறைச்சி தருவதே தம் கடமை என்றுகூட முடிவு செய்திருந்தார். ஆனால் தம் தயக்கத்தை மறைக்காமல் எடுத்துரைத்து, ஒரே மரக்கறிச் சமையலறைக்கு அவர்களது இசைவைக் கேட்டார். அவர்களும் மனமுவந்து இசைந்தார்கள். அப்பண்ணையில் மாலை உணவு ஐந்தரை மணிக்கே என்பதையும் நம் வாசகர்கள் விருப்போடு குறித்துக்கொள்வார்கள்.

மாணவரும் கேட்டுப் பார்த்தார். விடை அவர் வீட்டிலேயே இருந்தது. 1860 நவம்பர் 16ஆம் நாள் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறையை அடைந்தது முதல், கரும்புத் தோட்டக் கூலிகளாகச் சென்ற நம்மவர் எதை எதையோ இழந்தார்கள். பலர் மொழியையே இழந்தார்கள். புரட்டாசி நோன்பை மட்டும் விடவில்லை. அத்திங்கள் முழுவதும் புலால் நீக்கும் குடும்பங்கள் அங்கே இன்றும் ஏராளம். மரபுரிமை நாளோ புரட்டாசியிலேயே வருகிறது! அவருடைய மாமியார், "புரட்டாசியில் மீனா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாராம். அத்துடன் இரண்டாம் அடுப்பு அணைந்தது. இல்லை, மூட்டப்படவே இல்லை.

(இவ்விடத்தில் ஒன்று. உணவுக்கடையில் நாம் அனைவரும் 'சைவம்' என்று கேட்டே உண்கிறோம். சமணர் வாயில் இச்சொல் புகுந்த கதையைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம்.)

பட்டியல் பிறகு விரைந்து நடந்தது. உருளையும் வெங்காயமும் பூண்டும் இல்லை. கிழங்கு விலக்காதோரும் நம்மிடையே உண்டெனினும், விலக்குவோரை முன்வைத்தே சமைப்பதென முடிவாயிற்று. மக்காச்சோளக் கதிர், பரங்கித் துண்டு, வாழைக்காய், குடைமிளகாய், அன்னாசி ஆகியவற்றுக்குப் புளியும் மிளகும் நல்லெண்ணெயும் பூச்சு. பச்சை இஞ்சிக்குப் பதில் சுக்கு. அந்நாட்டார் 'பாப்' என்னும் மக்காச்சோளக் களி நம் கேழ்வரகுக் களிக்குத் தமக்கை. தேன் கிடையாது. விறகுக் கட்டைக்குள் பூச்சி இருக்கக்கூடும் என்பதால் கொட்டாங்கச்சிக் கரி. கதிரவன் 6 மணியளவில் மறைவதால், இரண்டரை மணிக்குக் கனலிட்டு ஐந்தரைக்குள் கை கழுவிவிட வேண்டும். விளக்கைச் சுற்றி விழும் விட்டில், அனலில் விழாதா?

தடை வந்தது ஒரு பொட்டலத்தால். சோயாவினால் செய்து, இறைச்சிக் குழல் போன்றே உருவும் மணமும் ஊட்டிய பண்டத்தை டர்பனிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். அதைக் கண்டதும் நமக்கு யசோதர காவியம் நினைவுக்கு வந்தது. உயிர்க்கோழியைப் பலியிட அஞ்சிய மன்னன், தாய் சந்திரமதியின் சொற்கேட்டு மாவினால் செய்த கோழியை வெட்டினான். மாவுக்கு உயிரில்லை. எனினும் தாயும் மகனும் மயிலாகவும் நாயாகவும் பிறவி பல எடுத்து உழன்றனர். உருவம் பொய்யாயினும் கொல்லும் எண்ணம் மெய் என்பது அக்கதையின் உள்ளீடு. இதை அங்கிருந்த வீகன் பெண்ணிடம் விரித்துரைத்தோம். அப்பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாட்டி, அந்த ராஜா கொல்ல ஆசைப்பட்டார், கோழி கிடைக்காமல் மாவை வெட்டினார். நான் இறைச்சி தின்று வளர்ந்தவள், விடுவதற்காக இதைத் தின்கிறேன்" என்றாள்.

ஐம்பது ஆண்டுகளாகப் பல மேடைகளில் அக்கதையைச் சொல்லியிருக்கிறோம். இந்த வேறுபாட்டை ஒருவரும் நம்மிடம் சுட்டியதில்லை. ஒரே படியில் இருவர் நிற்கலாம். ஒருவர் ஏறுபவர், ஒருவர் இறங்குபவர். விடுபவளுக்கு அது ஊன்றுகோல். ஆனால் புலாலின் சுவையே அறியாத நம் வீட்டுப் பேரனுக்கு அதைக் கொடுத்தால், இல்லாத ஆசையை நாமே விதைத்தவராவோம். அவள் தட்டில் அது இருந்தது. நம் பிள்ளைகள் தட்டில் இல்லை. இதில் நமக்கு இப்போதும் மனநிறைவே.

மனநிறைவு இல்லாதது மற்றொன்றில். களிக்கு நெய்யும் பருகுவதற்கு மோரும் நாம் பட்டியலில் எழுதியிருந்தோம். அதே பெண் அவ்விரு வரிகளையும் விரலால் சுட்டி, "கன்றுக்குட்டி, பாட்டி?" என்றாள். அவ்வளவே. பால் கறப்பது கொலையன்று, கன்று குடித்த மிச்சத்தையே நம் முன்னோர் கொண்டனர் என்று சொல்லத் தொடங்கினோம். நம் வீட்டு வாசலில் பாக்கெட்டில் வந்து விழும் பால், எந்தக் கன்று குடித்த மிச்சம் என்று நமக்குத் தெரியாது. பால் வற்றிய பசு எங்கே போகிறது, காளைக் கன்று எங்கே போகிறது என்றும் நாம் விசாரித்ததில்லை. 1912இல், அதே டால்ஸ்டாய் பண்ணையில், காந்தியடிகளும் காலன்பாக்கும் பாலை விட்டனர். பாலின் தீங்கை அடிகளுக்கு முதலில் உணர்த்தியவர் நம் சமயத்தவரான ராய்சந்த்பாய். அவர் சொன்னது புலனடக்கம் கருதி. எனினும் மாடுகளுக்கு இழைக்கப்படும் கொடுமையும் அடிகளின் முடிவுக்கு ஒரு காரணமாயிற்று.

மீன் வரியை எழுத மறுத்த கை, மோர் வரியைத் தயங்காமல் எழுதியிருக்கிறது. செய்வித்தல், உடன்படல் என்று மாணவருக்கு நாம் உரைத்த அளவுகோல் நம் மோர்க் குடத்துக்கும் பொருந்துமா? பொருந்தாதென்று சொல்ல ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம். இவ்விதழ் அச்சாகும் வரை கிடைக்கவில்லை. ஜினாலயத்துப் பாலபிஷேகம் பற்றியும் இக்கேள்வி நீளுமென அறிவோம். பெரியோர்கள் எழுதினால் படிக்கக் காத்திருக்கிறோம்.

விருந்தன்று நெய்க்குப் பதில் தேங்காய்ப்பால் ஊற்றினோம். மோர்க் குடம் வீட்டிலேயே இருந்தது. வடிகட்டிய நீரில் எலுமிச்சை பிழிந்து கொடுத்தோம். ஐந்தரை மணிக்குக் கனலின்மேல் கடல் மணலை அள்ளிப் போட்டு அணைத்தார்கள். பக்கத்து வீட்டு மீனவ அம்மையார் இரண்டு சோளக் கதிர்களைத் தம் பேத்திக்கு வாங்கிச் சென்று, மறுநாள் அந்தப் புளிப் பூச்சின் அளவைக் கேட்டுவரச் சொல்லி அனுப்பினார்.