எந்த ஏரியா?

சிகாகோவில் கிளிஃபோர்ட் ஷா, ஹென்றி மெக்கே இருவரும் சிறார் நீதிமன்றப் பதிவேடுகளைக் கொண்டு பையன்களின் வீடுகளை வரைபடத்தில் புள்ளி புள்ளியாகக் குறித்தார்கள். 1942-இல் நூலாக வந்தது. ஜெர்மானியரும் ஐரிஷ்காரரும் காலி செய்து, இத்தாலியரும் போலந்துக்காரரும் குடியேறிய பிறகும் ஆலையோரத்து அதே பேட்டைகளில்தான் புள்ளிகள் மொய்த்தன. ஆக, கோளாறு ரத்தத்தில் இல்லை. குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1947 வரை சுமந்த சென்னை மாகாணத்துக்கு இது சின்ன விஷயமா?

அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்றை நம்ம பாஷையில் சொன்னால்: ஆள் மாறிக்கொண்டே இருக்கும் தெருவில், "டேய், நீ இன்னார் பையன்தானே?" என்று அதட்ட ஒரு பெரியவர் இருக்கமாட்டார்.

2000 முதல் சென்னையின் குடிசைவாசிகளைப் பெயர்த்துக் கண்ணகி நகரில் குவித்தபோது நாம் இல்லாமல் ஆக்கியது அந்தப் பெரியவரைத்தான். இன்று அங்குள்ள இளைஞர்கள் வேலை தேடிப் போனால் வேறு முகவரி சொல்லவேண்டியிருக்கிறது. பரம்பரைன்னு சொன்னாத்தான் தப்பு, ஏரியான்னு சொல்லிக்கலாம் போல. (பிடிபட்டவர்கள் மட்டுமே புள்ளியாவார்கள் என்பது தனிக் கதை, அப்பா ஒரு போன் போட்டு மீட்ட பையன் எந்த வரைபடத்திலும் இல்லை.) இடம் ஒருவனைக் கெடுக்கும் என்றால், அங்கே அவனைக் கொண்டுவந்து இறக்கியவர் யார் என்ற கேள்வியும் கூடவே வரவேண்டும். நேர்காணலில் கேட்பதோ, "வீடு எங்கப்பா?" என்று மட்டும்தான்.