சாலைக்கு இறங்கிய சோலைமந்திகள்

சோலைமந்தி மரத்திலேயே பிறந்து மரத்திலேயே வாழும் உயிர். கருத்த உடம்பு, முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி மயிர், நுனியில் குஞ்சம் வைத்த வால். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் மட்டும்தான் உண்டு. வயது வந்தவை 2,500-க்கும் குறைவு என்கிறது கணக்கு. வால்பாறை புதுத்தோட்டத்தில் அது தார்ச்சாலையில் நடக்கிறது, பேருந்துக்கும் சுற்றுலா வேனுக்கும் நடுவே. இவ்வளவு பக்கத்தில் பார்க்கக் கிடைத்ததே என்று மகிழ மனம் வரவில்லை.

*

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆனைமலையின் வால்பாறை மேட்டு நிலத்தில் காட்டை வெட்டித் தேயிலையும் காப்பியும் வைக்கத் தொடங்கினார்கள். மிஞ்சிய காடு துண்டுதுண்டாகத் தோட்டங்களுக்கு நடுவே நிற்கிறது. தேயிலையில் மந்திக்கு ஏற இடமில்லை, தின்ன ஒன்றுமில்லை, ஒளிய மறைவில்லை. நிழல் மரம் உள்ள காப்பித் தோட்டம் கொஞ்சம் பரவாயில்லை.

புதுத்தோட்டத்துக் காட்டுத் துண்டு 100 ஹெக்டேர்கூட வராது. அதில் 150-க்கும் மேற்பட்ட மந்திகள். முன்பைவிடப் பெருகியிருக்கின்றன என்று கேட்டு மகிழ்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்த எண் கலக்கம் தருகிறது. பக்கத்துக் காட்டுக்குப் போக மரவழி இல்லாததால் பிறந்த இடத்திலேயே அடைபட்டுக் கிடக்கின்றன. காட்டில் அவற்றின் முக்கிய உணவான வெடிப்பலா காய்க்காத காலத்தில் ஊருக்குள் வராமல் என்ன செய்யும்?

*

தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டுக் கூரையைப் பிரித்து இறங்கி, அரிசியையும் முட்டையையும் அள்ளிப் போகின்றன. கொழுந்து பறிக்கப் போன பெண் திரும்பி வரும்போது அடுப்படி கலைந்து கிடக்கும். தூரத்து நகரத்தில் இருந்துகொண்டு காட்டுயிரை நேசிக்கச் செலவே இல்லை. நாள் கூலியில் வாங்கிய அரிசியைப் பறிகொடுத்த பின்பும் கல்லெடுக்காமல் விரட்டுகிறவரின் பொறுமை இருக்கிறதே, இந்த மலையில் மந்திக்குக் கிடைத்த முதல் பாதுகாப்பு அதுதான். சட்டம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

*

1970களில் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை வேண்டாம் என்று கேரளத்தில் பலர் போராடியபோது இந்த மந்தியின் முகம் முன்னால் நின்றது. 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. ஒருமுறை உரக்கச் சொன்ன மறுப்பால் அந்தக் காடு பிழைத்தது. வால்பாறையில் வேண்டியிருப்பது தினமும் செய்ய வேண்டிய சின்ன வேலைகள். குப்பையை மூடி வை. கதவைச் சாத்திவிட்டுப் போ. வேகத்தைக் குறை. இவற்றைச் செய்கிறவர்களைப் பற்றி யாரும் செய்தி எழுதுவதில்லை.

*

காட்டுயிர் ஆய்வாளர்கள் திவ்யா முத்தப்பாவும் டி. ஆர். சங்கர் ராமனும் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் சார்பில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இங்கே வேலை செய்கிறார்கள். சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டப்பட்டிருக்கிறது. குட்டியை வயிற்றில் ஒட்டிக்கொண்டு தாய்மந்தி அதில் கடந்து போகும். உள்ளூர்க்காரர்கள் வாட்சர்களாக மந்திக் கூட்டத்தின் பின்னாலேயே நடக்கிறார்கள். வண்டி வந்தால் கை காட்டி நிறுத்துகிறார்கள். சோலைமந்தி ஏறக்குறைய மூன்று ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும். சக்கரத்தில் ஒரு தாய் போனால் அந்த இடம் நிரம்ப வெகுகாலம் ஆகும்.

நாற்றங்காலில் காட்டு மரக் கன்றுகளை வளர்த்து, தோட்ட நிறுவனங்களின் ஒப்புதலோடு சிதைந்த காட்டுத் துண்டுகளில் நடுகிறார்கள். இன்று நட்ட கன்று மந்தி தாவும் உயரத்துக்கு வரும்போது நட்டவர் முதுமை அடைந்திருப்பார். அது தெரிந்தேதான் குழி தோண்டுகிறார்கள். இதைவிடப் பெரிய தவத்தை நான் கண்டதில்லை.

*

வால்பாறைக்குப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பொள்ளாச்சியிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஊருக்குள் நுழையும் முன் புதுத்தோட்டம் வரும். அங்கே மெதுவாக ஓட்டுங்கள். பழமோ பிஸ்கட்டோ நீட்டாதீர்கள். உங்கள் கையில் வாங்கித் தின்று பழகிய மந்தி அடுத்த வண்டிக்காகச் சாலையிலேயே காத்திருக்கும். அந்த வண்டி நிற்காமல் போகலாம். வாட்சர் கை காட்டினால் ஹாரன் அடிக்காமல் நில்லுங்கள். கூட்டம் முழுவதும் கடந்த பிறகு வண்டியை எடுங்கள்.